கைவேலை மடக்குக் கத்தி: ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனாக்கத்தி ஒன்றுக்கு இவ்வளவு விலையா? அப்படி என்ன இருக்கிறது அதில்?

சந்தையில் வாங்கும் மடக்குக் கத்தியும் இந்தக் கைவேலைக் கத்தியும் செய்கிற வேலை ஒன்றுதான்: விரியும், வெட்டும், மடங்கும். வித்தியாசம் மூட்டில் இருக்கிறது. அலகு சுழலும் அந்த ஒற்றை அச்சில் இரண்டு பாயிண்ட், அதாவது 0.02 மிமீ, இடைவெளி கூடினால் அலகு ஆடும். அதே அளவு குறைந்தால் இறுகும். மெஷின் கிட்டத்தட்ட அந்த அளவுவரை கொண்டுவந்து விட்டுவிடும். அதற்கப்புறம் கழற்றி, எமரியில் இரண்டு இழு இழுத்து, மாட்டி, விரித்துப் பார்த்து, மறுபடியும் கழற்றுவது என்று ஒரே கத்திக்கு முப்பது நாற்பது தடவை போகும். காசு அங்கேதான் போகிறது.

அரிய மரம், விண்கல், முத்துச்சிப்பி எல்லாம் அதற்குப் பிறகு. மூட்டு சரியில்லாத கத்தியில் விண்கல் பதிப்பது, நிலை கோணிய வாசலுக்குப் பித்தளைக் கைப்பிடி போட்ட மாதிரி. விலை கேட்கும் முன் கத்தியைக் கையில் கேளுங்கள்.

கையில் வாங்கியதும் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மடக்கிய நிலையிலேயே ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக, முதுகுப் பக்கமிருந்து பாருங்கள். அலகுக்கு இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடு ஒரே தடிமனில் இருக்க வேண்டும். ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தால் அச்சுத் துளை செங்குத்தாக விழவில்லை, அல்லது வாஷர்கள் ஒரே தடிமன் இல்லை, அல்லது பதம் வைத்தபோது, அதாவது சூடாக்கிக் கெட்டிப்படுத்தியபோது, அலகு வளைந்திருக்கிறது. முதல் இரண்டையும் சரிசெய்யலாம். மூன்றாவது கஷ்டம்.

அடுத்து விரியுங்கள். பூட்டு விழும் சத்தம் ஒரே சத்தமாக இருக்க வேண்டும். 'கிளிக்' என்று விழுந்து, பின்னால் இன்னொரு மெல்லிய 'டிக்' கேட்டால், பூட்டு ஓரிடத்தில் தொட்டு, நழுவி, வேறிடத்தில் உட்காருகிறது. இப்போது பிடியை ஒரு கையில் இறுக்கி, அலகின் முதுகை மறுகையின் இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். பிறகு மேலும் கீழும். பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சுத் திருகைக் கால் சுற்று முடுக்கினால் போய்விடும். மேல்-கீழ் ஆட்டம் போகாது. அது பூட்டும் அலகும் தொடும் இடத்தில், அதாவது பூட்டு முகத்தில், உள்ள குறை. அந்தக் கத்தியை வைத்துவிட்டு வாருங்கள்.

லைனர் பூட்டு (பிடியின் உள்தகடே, அதாவது லைனரே, பூட்டாக நிற்கும் வகை) என்றால், பூட்டுப் பட்டை அலகின் அடிப்பாகத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். புதுக் கத்தியில் அடிப்பாகத் தடிமனில் கால் பங்கிலிருந்து நாற்பது சதவீதம் வரை போயிருப்பது நல்லது. பழகப் பழக அது உள்ளே நகரும். புதிதிலேயே முக்கால் தூரம் போய்விட்டால், தேய்மானத்துக்கு மிச்சம் எதுவும் இல்லை என்று பொருள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால், அழுத்தி வெட்டும்போது வழுக்கி விரல்மேல் மடங்கலாம்.

மடக்கும்போது கடைசிக் கொஞ்ச தூரத்தில் அலகு தானே உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பூட்டுப் பட்டையில் பதித்த 1.5 மிமீ குண்டு, அலகில் உள்ள சின்னக் குழியில் விழுவதால் வரும் இழுப்பு அது. மடக்கிய கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். முனை எட்டிப் பார்த்தால் பாக்கெட்டில் போட லாயக்கில்லை.

கடைசியாக நகம். உலோகமும் மரமும் சேரும் கோட்டின்மேல் விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தட்டக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத படியும் நகத்துக்குத் தெரியும்.

லைனர் பூட்டு, பிரேம் பூட்டு, பூட்டே இல்லாத வில் வகை: எது நல்லது?

வேலைக்கு எது வேண்டுமோ அது. லைனர் பூட்டை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர், 1980-களின் தொடக்கத்தில். உள்தகடே வில்லாகி அலகைத் தாங்கும். அதே யோசனையை உள்தகட்டுக்குப் பதில் பிடியின் முழுத் தடிமனிலும் செய்தது கிறிஸ் ரீவ். அது பிரேம் பூட்டு. தடிமன் கூடுவதால் வலு கூடும். ஆனால் பிடியின் ஒருபக்கம் வெறும் டைட்டேனியமாகவே நிற்கும், மரம் பதிக்க இடம் குறையும். அதனால் அலங்காரக் கத்திகளில் லைனர் பூட்டுதான் அதிகம்.

பூட்டே இல்லாத பழைய வகையில் முதுகுப் பட்டை வில்லின் அழுத்தம் மட்டுமே அலகைப் பிடித்து வைக்கும். செய்யச் சுலபம் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. விரிந்த நிலை, பாதி நிலை, மடங்கிய நிலை ஆகிய மூன்றிலும் வில்லின் முதுகு பிடியோடு சமமாக நிற்க வேண்டும். ஒன்றைச் சமமாக்கினால் இன்னொன்று எழும்பும். மூன்றும் நின்ற கத்தியைத் தடவிப் பார்த்தால் ஒரே துண்டு போல இருக்கும்.

புதுக் கத்தியில் பூட்டு ஒட்டிக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. ஏன்?

பூட்டுப் பட்டை டைட்டேனியம், அலகு எஃகு. டைட்டேனியம் எஃகோடு உரசினால் பசை போலப் பிடிக்கும் குணம் உடையது. பூட்டு முகத்தின் சாய்வு சுமார் 7, 8 டிகிரிக்குக் கீழே போனாலோ, அந்த முகம் வழவழப்பாக இல்லாமல் இருந்தாலோ ஒட்டும். பென்சில் முனையை அலகின் பூட்டு முகத்தில் நாலு கோடு இழுத்துவிட்டு ஐம்பது தடவை விரித்து மடக்குங்கள்; கரி மசகாக வேலை செய்யும். அப்படியும் போகாவிட்டால் செய்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். முகத்தை நீங்களே அரத்தால் தொட்டால் அரை நிமிடத்தில் பூட்டு கெட்டுவிடும். நல்ல கத்திகளில் பூட்டு முனையில் கெட்டிப்படுத்திய எஃகுத் துண்டு ஒன்றைத் திருகி வைத்திருப்பார்கள். தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

எந்த எஃகு கேட்பது?

ஓசூர் டூல் ரூம்களில் புழங்கும் பெயர்களிலேயே சொல்லலாம். ஓ.எச்.என்.எஸ். என்பது எண்ணெயில் பதம் வைக்கும் எஃகு; நல்ல வாய் (வெட்டும் ஓரம்) எடுக்கும், சாணைக்குச் சீக்கிரம் வசப்படும், துருப்பிடிக்கும். ஈ.என்.31 பேரிங் எஃகு. ஒரு சதவீதம் கரியும் (கார்பன்) ஒன்றரை சதவீதம் குரோமியமும் உள்ளது. மெல்லிய வாய்க்கு அருமை, இதுவும் துருப்பிடிக்கும். எச்.சி.எச்.சி.ஆர். (கரியும் குரோமியமும் அதிகம்) என்று சொல்லப்படும் டை எஃகு தேய்மானத்துக்குக் கெட்டி. குரோமியம் 12 சதவீதம் இருந்தாலும் அதில் பெரும்பங்கு கரியோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டு விடுவதால் முழுத் துருவெதிர்ப்பு கிடையாது.

விலையுயர்ந்த மடக்குக் கத்திக்குப் பெரும்பாலும் தூள் உலோக எஃகுதான் (எஃகுத் தூளைச் சூட்டில் அழுத்திக் கட்டியாக்கியது): ஸ்வீடனின் டமாஸ்டீல் தயாரிக்கும் ஆர்.டபிள்யூ.எல்.34, அல்லது அதே நிறுவனத்தின் கோலம் போட்ட துருப்பிடிக்காத எஃகு. ஆர்.டபிள்யூ.எல். என்பது கத்திக் கலைஞர் ஆர்.டபிள்யூ. லவ்லெஸ் பெயரின் முதலெழுத்துகள். மடக்குக் கத்தியில் துரு எதிர்ப்பு அலங்காரத்துக்காக இல்லை. கை போகாத இடுக்கு மூட்டுக்குள் இருக்கிறது. வியர்வையும் மாங்காய்ச் சாறும் அங்கே போய் உட்காரும். தினமும் துடைக்கத் தயார் என்றால் ஓ.எச்.என்.எஸ். போதும். இல்லையென்றால் துருப்பிடிக்காததையே கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊர்க் கொல்லுப்பட்டறையில் அலகுக்குப் பதம் வைக்க முடியாதா?

கரி எஃகுக்கு முடியும். ஓ.எச்.என்.எஸ். அலகை 800 டிகிரி சுற்றில் சூடாக்கி, 3 மிமீ தடிமனுக்குப் பத்து நிமிடம் அதே சூட்டில் நிறுத்தி, 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிய எண்ணெயில் முனை கீழாக நேராக இறக்க வேண்டும். தண்ணீரில் இறக்கினால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், அலகில் விரிசல் விழுந்துவிட்டது. பிறகு 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இரண்டு தடவை டெம்பர், அதாவது எளிதில் உடையாதபடி மெல்லச் சூடாக்குவது. கெட்டித்தன்மை ராக்வெல் அளவில் 60 பக்கம் நிற்கும்.

அரிவாளுக்குப் பதம் பார்க்கும் கண் இதற்கும் உதவும். ஆனால் அரிவாளின் வாயும் மடக்குக் கத்தியின் வாயும் வேறு. உலைச் சூடு ஒரு பக்கம் கூடினால் 3 மிமீ அலகு வாழை இலை போல வளையும். வளைந்ததைத் தட்டி நேராக்கினாலும் அச்சுத் துளையின் செங்குத்து போய்விடும். எனவே பதம் வைக்கும் முன் வாயை மெலிதாக்கிவிடாமல் அரை மிமீ தடிமன் விட்டுவைப்பதும், பதத்துக்குப் பிறகு இரண்டு பக்கத்தையும் சர்ஃபேஸ் கிரைண்டரில் சமமாக்குவதும் கட்டாயம்.

தூள் எஃகைக் கரி உலையில் வைக்கவே கூடாது. அதற்கு 1,050 டிகிரிக்கு மேல் வேண்டும். காற்றுப் படாத வாக்குவம் உலை வேண்டும். பிறகு உலர்பனிக் குளிருக்கு, அதாவது பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி சுற்றுக்கு, இறக்க வேண்டும். ஓசூரிலும் பெங்களூரு பீன்யாவிலும் வாக்குவம் ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தனி ஒரு அலகை எடுத்துக்கொண்டு போனால் ஏற்க மாட்டார்கள்; அதே எஃகு ஓடும் நாளில் சேர்த்துப் போடச் சொல்ல வேண்டும்.

'டமாஸ்கஸ்' என்று சொல்லி விற்பது நம்ம ஊர் உருக்குதானா?

இல்லை. இரண்டும் வேறு. இன்று டமாஸ்கஸ் என்று விற்பது, இரண்டு எஃகை மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஒட்டவைத்து, முறுக்கி, மடித்துச் செய்வது. அமிலத்தில் போட்டால் ஒன்று கறுக்கும். நிக்கல் கலந்த மற்றது வெள்ளையாகவே நிற்கும். அதுதான் கோலம்.

தென்னிந்தியாவில் செய்த உருக்கு மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவை) உருக்கிய ஒரே கட்டி. ஒன்றரை சதவீதம் சுற்றிலும் கரி. அடுக்கு எதுவும் கிடையாது. ஆறும்போதும், திரும்பத் திரும்பக் குறைந்த சூட்டில் அடிக்கும்போதும் கார்பைடு வரிசை கட்டி நிற்பதால் கோலம் வருகிறது. அதற்கு வெனேடியம் போன்ற உலோகம் துளியளவாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்க உலோகவியலாளர் வெர்ஹோவனும் கத்திக் கொல்லர் பெண்ட்ரேயும் செய்து காட்டினார்கள். மூசை உலைகளின் தடயம் ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்தது. இரும்பே இங்கே எவ்வளவு பழையது என்பதற்கு வெளியே போக வேண்டாம்: பர்கூர் பக்கத்து மயிலாடும்பாறையில் கிடைத்த காலக்கணிப்பு கி.மு. 2172 என்று 2022-ல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இதையெல்லாம் சொல்லி அடுக்கு எஃகுக் கத்தியை 'தகடூர் உருக்கு' என்று யாராவது விற்றால், கதைக்குச் சேர்த்து விலை வாங்குகிறார்கள்.

போலியைப் பிடிப்பது எளிது. சாதா எஃகின் மேல் லேசரிலோ அமிலத்திலோ கோலம் வரைந்திருந்தால் அது அலகின் முதுகில் தொடராது, பக்கத்திலேயே நின்றுவிடும். உண்மையான அடுக்கில் கோடு முதுகைத் தாண்டி மறுபக்கம் இறங்கும். செய்தவர் சம்மதித்தால், மறைவான அடிப்பாகத்தில் எமரியால் தேய்த்துவிட்டு ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விடுங்கள். உண்மைக் கோலம் திரும்பி வரும்.

பிடிக்கு எந்தப் பொருளெல்லாம் சட்டப்படி செல்லும்?

இந்தப் பக்கத்தில் மற்றதை விட்டாலும் இதைப் படியுங்கள். நம் இரண்டு மாவட்டமும் யானைக் காடு. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போய் வருகிறவர்களிடம் 'ஒரு கொம்பு இருக்கு, பாக்குறீங்களா' என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

மான் கொம்பு கூடாது. 'வேட்டையாடலீங்க, காட்டில் உதிர்ந்து கிடந்தது' என்பது பதிலே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உதிர்ந்த கொம்பும் அரசின் சொத்து, வைத்திருப்பதே குற்றம். யானைத் தந்தம், புலி நகம், ஆமை ஓடு எல்லாம் அப்படியே. ஆப்பிரிக்கத் தந்தம் என்று சொன்னாலும் 1991 திருத்தத்துக்குப் பிறகு வியாபாரம் கிடையாது. தாத்தா காலத்துக் கத்தியின் மான்கொம்புப் பிடியை எடுத்துப் புதுக் கத்தியில் போட்டுத் தரச் சொல்வார்கள். நல்ல கைவேலைக்காரர் மறுத்துவிடுவார்.

வெளிநாட்டுக் கத்திகளில் மாமத் தந்தம் பார்த்திருப்பீர்கள்; சைபீரியப் பனிக்கு அடியிலிருந்து எடுக்கிற, அழிந்துபோன விலங்கின் தந்தம். குறுக்கே வெட்டினால் தெரியும் பின்னல் கோடுகள் மாமத்தில் 90 டிகிரிக்குக் குறைவாகவும், இன்றைய யானையில் 115 டிகிரிக்கு மேலும் குறுக்கிடும். நீளவாக்கில் அறுத்து மெருகேற்றிய 3 மிமீ பிடித்தகட்டில் அந்தக் கோடு தெரியாது. அதனால் சோதனைச் சாவடியில் நின்று விளக்க முடியாது. வேண்டாம்.

செஞ்சந்தனம் சித்தூர், கடப்பா மலைகளுக்கே உரிய மரம்; கிருஷ்ணகிரியிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம் என்பதாலேயே சாலையில் கெடுபிடி அதிகம். சந்தனமும் அப்படித்தான். அரசு ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து ரசீதோடு வாங்கிய துண்டாக இருந்தால் மட்டும் தொடுங்கள். பிடிக்குத் தேவைப்படுவது கைவிரல் அளவுத் துண்டு இரண்டு. ஆனாலும் ரசீதின் நகலைக் கத்திப் பெட்டியிலேயே வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஈட்டி மரம் உள்ளூரில் ரசீதோடு போதும்; வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் சைட்டிஸ் (அரிய உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகம் பற்றிய) ஒப்பந்த ஆவணம் வேண்டுமா என்று முன்பே விசாரிக்க வேண்டும்.

தடையில்லாதவை நிறைய இருக்கின்றன. எருமைக் கொம்பு, ஒட்டக எலும்பு, வேர்முண்டு விழுந்த புளி, வைரம் பாய்ந்த பனை, வேம்பு, பூஞ்சைக் கோடு ஓடிய பழைய மாமரம். போச்சம்பள்ளிப் பக்கம் காய்ப்பு நின்று வெட்டும் மாந்தோப்புகளில் அந்தக் கோடு விழுந்த கட்டை விறகு விலைக்குக் கிடைக்கும். ஈட்டியைவிட அழகான பிடியாக வரும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அப்படியே போட்டால் பொடிந்துவிடும். ஈரத்தை அடுப்பில் முழுக்க உலர்த்தி, வெற்றிடக் கலத்தில் ரெசினுக்குள் மூழ்கவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை காற்றை உறிஞ்சி, சுமார் 90 டிகிரியில் இறுகவைக்க வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் ரெசின் நடுவரை போகாது. அறுத்துப் பார்க்கும்போது நடுவில் வெளிறிய பட்டை தெரியும்.

எருமைக் கொம்புக்கு ஒரு எச்சரிக்கை. பெல்ட்டில் தேய்க்கும்போது முடி கருகும் நாற்றம் வந்தால் சூடு அதிகம். அடுக்கு பிரியத் தொடங்கிவிட்டது. முடித்த பிறகும் பீரோவில் மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் கம்பளி தின்னும் வண்டின் புழு கொம்பையும் தின்னும். கையில் புழங்கும் கத்திக்கு அந்தப் பயமில்லை.

கருங்காலிப் பிடி கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் மாலை மோகம் வந்ததிலிருந்து கறுப்புச் சாயம் ஏற்றிய மரமெல்லாம் கருங்காலி ஆகிவிட்டது. தண்ணீரில் போட்டால் மூழ்கும் என்பது சோதனையாகாது. கனமான வேறு மரங்களும் மூழ்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அழுத்தித் துடையுங்கள், பஞ்சு கறுத்தால் சாயம். பிடிக்குத் துளை போட்டபின் துளைக்குள் பாருங்கள்: மேலே கறுப்பு, உள்ளே பழுப்பு என்றால் முடிந்தது. உண்மையானதும் நன்றாக உலராவிட்டால் திருகுத் துளையிலிருந்து மயிரிழைக் கீறல் ஓடும். அதன் தூள் சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும். முகமூடி போட்டுத் தேய்க்க வேண்டும்.

கிருஷ்ணகிரி கிரானைட்டைப் பிடியில் பதிக்க முடியுமா?

முடியும். எல்லோரும் பயப்படுவது கனத்துக்கு. அது பிரச்சினையே இல்லை. கிரானைட்டின் அடர்த்தி கிட்டத்தட்ட அலுமினியத்தின் அளவுதான். 60 மிமீ நீளம், 15 அகலம், ஒன்றரை மிமீ தடிமன் உள்ள தகடு நாலு கிராமுக்குள் அடங்கும். பிரச்சினை உடைவது.

இளஞ்சிவப்பும் ஊதாவும் அலையலையாக ஓடும் பாரடைசோ கல் பார்க்க அழகு. ஆனால் அந்த அலைகளில் அபிரகம் (மைக்கா) படிந்த கோடுகள் உண்டு. ஒன்றரை மிமீக்கு மெலிந்தால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். தருமபுரிப் பக்கத்துக் கறுப்புக் கல் நுண்மணியானது, ஒரே சீரானது, மெல்லிசாகத் தாங்கும். பகட்டு குறைவுதான், ஆனால் நாங்கள் அதையே சொல்வோம். டைட்டேனியத்தில் குழி வெட்டி, கல்லைச் சுற்றி 0.1 மிமீ இடைவெளி விட்டு, அதை எபாக்சியால் நிரப்ப வேண்டும். இறுக்கமாகத் தட்டி உட்காரவைத்தால் முதல் தடவை கீழே விழும்போதே கல் தெறிக்கும். கல்லின் விளிம்பு உலோகத்துக்கு மேலே வரக் கூடாது, மயிரிழை கீழேயே நிற்கட்டும்.

மெருகுக்கு வெளியே தேட வேண்டாம்: ஸ்லாப் பட்டறைகளில் பயன்படுத்தும் டைமண்ட் பேடுகள் 50 நம்பரிலிருந்து 3,000 வரை வரிசையாகக் கிடைக்கும். எப்போதும் தண்ணீர் ஊற்றியே தேயுங்கள். உலர்ந்த கல்தூள் நுரையீரலில் தங்கினால் போகாது. கல் வேலைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதே பட்டறையில் மெருகிட்ட 20 மிமீ ஸ்லாப்பின் வெட்டுத் துண்டு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அதன்மேல் எமரித் தாளை ஒட்டிப் பிடித்தகடுகளைச் சமமாக்கலாம். அலகின் இருபக்கச் சமத்துக்கு மட்டும் இதை நம்பாதீர்கள், அதற்கு அளவு பார்த்த சர்ஃபேஸ் பிளேட்டே வேண்டும்.

விண்கல், டைட்டேனிய வண்ணம், சிர்கோனியம், மொகுமே: இவை எப்படி?

விண்கல் என்றால் நிக்கல் கலந்த இரும்பு விண்கல். நைட்ரிக் அமிலத்தை ஸ்பிரிட்டில் கலந்து தடவினால் குறுக்கும் நெடுக்குமாக விட்மான்ஸ்டாட்டன் கோலம் எழும். அது லட்சக்கணக்கான ஆண்டுகளாக மெல்ல மெல்ல ஆறியதால் வந்தது, பட்டறையில் செய்ய முடியாது. நமீபியாவின் கிபியான், ஸ்வீடனின் முவோனியோனலுஸ்டா இரண்டும் கத்திக்காரர்களிடம் புழங்குபவை. இரண்டும் துருப்பிடிக்கும், முவோனியோனலுஸ்டா அதற்குப் பேர் போனது. கை வியர்வை அதிகம் உள்ளவர்கள் இதைக் கேட்க வேண்டாம்.

டைட்டேனியத்தின் நிறம் சாயமில்லை. மின்சாரம் செலுத்தி ஆக்சைடு படலத்தைத் தடிக்க வைப்பதால் வெளிச்சம் பிரிந்து தெரிகிறது. சுமார் 15 வோல்ட்டில் வெண்கல நிறம், 20-ல் ஊதா, 25 முதல் 30-ல் நீலம், 55 தாண்டினால் பொன்மஞ்சள். கைரேகை எண்ணெய் இருந்தால் அந்த இடம் திட்டாகும். நீலம் வராமல் சேறு போல வந்தால் சுத்தம் போதவில்லை. பாக்கெட்டில் சாவியோடு உரசினால் நிறம் போகும், திரும்ப ஏற்றலாம். சிர்கோனியம் சூட்டில் கறுத்துக் கெட்டியான மேல்படலம் பெறும், அது சீக்கிரம் போகாது. இரண்டின் தூளும் தீப்பிடிக்கும். எஃகு தேய்த்த பெல்ட்டிலேயே டைட்டேனியம் தேய்த்து, தூளை ஒரே தொட்டியில் சேர விட்டால் ஒரு பொறி போதும். தண்ணீரை ஊற்றாதீர்கள், உலர்ந்த மணல்.

மொகுமே என்பது செம்பும் வெள்ளியும் போன்ற உலோகங்களை அடுக்கி ஒட்டும் ஜப்பானிய முறை. கையில் பட்டுக் கறுத்துக்கொண்டே வரும். புளி போட்டுத் தேய்த்தால் செம்பு பளிச்சென்று ஆகும், கோலமும் மங்கும். கறுக்க விடுவதே நல்லது.

ஓசூரில் பாகங்களை வெளியே வெட்டி வாங்கி நாமே கோக்கலாமா?

பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். லைனருக்கு 1.2 முதல் 1.6 மிமீ டைட்டேனியம், அலகுக்கு 3 மிமீ, வாஷருக்கு 0.25 முதல் 0.5 மிமீ பாஸ்பர் பிரான்ஸ் (ஒருவகை வெண்கலம்), அச்சுக்கு 3/16 அங்குலம். ஒயர் கட் மெஷினில் (மின்பொறி பாயும் கம்பியால் அறுப்பது) வெட்டினால் அளவு நிற்கும், ஆனால் வெட்டிய முகத்தில் சொரசொரப்பான தோல் படிந்திருக்கும். பூட்டு முகத்தில் அதை நீக்கியே ஆக வேண்டும். லேசரில் வெட்டினால் ஓரம் கெட்டிப்பட்டு ரீமரின் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) வாயைத் தின்றுவிடும். லேசர்காரரிடம் அச்சுத் துளையை வெட்டச் சொல்லாதீர்கள், புள்ளி மட்டும் போடச் சொல்லுங்கள்.

வரிசை முக்கியம். அச்சுத் துளையும் ஸ்டாப் பின் (விரிந்த அலகைத் தடுத்து நிறுத்தும் முள்) துளையும் முதலில், இரண்டு லைனரையும் சேர்த்துக் கிளாம்ப் பண்ணி ஒரே தடவையில். அச்சுத் துளையை அளவுக்குக் கொஞ்சம் கீழே துளைத்து ரீமர் விட்டு முடிக்க வேண்டும். பூட்டு முகம் பதம் வைத்த பிறகுதான், அதுவும் கடைசியில். குண்டுக்கு 1.5 மிமீ சுற்றுத் துளை, குண்டைவிட மயிரிழை சின்னதாக. அழுத்தித்தான் இறங்க வேண்டும். பதத்துக்கு முன்பே பூட்டு முகத்தை முடித்துவிட்டுப் பிறகு அலகு அரை டிகிரி திரும்பியதைப் பார்த்துத் தலையில் கைவைப்பதுதான் இங்கே பொதுவாக நடக்கும் தப்பு.

என்ன எண்ணெய் போடுவது? தேங்காய் எண்ணெய் போதுமா?

போதாது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழியில் ஓசூர்க் காலைக்கு அலகு மூட்டிலேயே சிக்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் பிசுக்காகிப் பாக்கெட் பஞ்சைச் சேர்க்கும். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு, ஊசி முனையால். பழம் வெட்டும் அலகின் மேல் தடவ மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின்.

காரின் டேஷ்போர்டில் மட்டும் விடாதீர்கள். சித்திரை வெயிலில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நிறுத்திய கார் உள்ளே 60, 70 டிகிரி போகும். பிடியை ஒட்டிய எபாக்சி இளகி மரத்தகடு ஒரு ஓரத்தில் எழும்பும்.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கலாமா?

பெட்டிக்கு வையுங்கள், இல்லை டைட்டேனியக் கிளிப்புக்கு. ஈரச் சந்தனமும் குங்குமமும் ஓ.எச்.என்.எஸ். அலகில் ஒரு ராத்திரி இருந்தால் காலையில் பொட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கும். துடைத்தால் போகாது, தேய்த்தால் கோலத்தின் கறுப்பும் சேர்ந்து போகும். அலகிலேயே வைத்தாக வேண்டுமென்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால், முதலில் மெழுகைத் தடவி, தீபாராதனை முடிந்ததும் துடைத்துவிடுங்கள். திருஷ்டி எலுமிச்சையை இந்தக் கத்தியால் வெட்ட வேண்டாம், அதற்கு அரிவாள்மனை இருக்கிறது.

மாங்காய் வெட்டினால் கரி எஃகு நீலச் சாம்பலாக மாறும். அது துரு இல்லை. துருவைத் தள்ளிப்போடும் படலம். வெட்டியதும் கழுவித் துடைத்தால் போதும்.

சாணை பிடிப்பது எப்படி?

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அவருடைய சக்கரம் அரிவாளுக்கு. சூட்டில் மெல்லிய வாயின் பதம் போய்விடும். வீட்டிலேயே 1,000 நம்பர் கல், பிறகு 3,000, ஒவ்வொரு பக்கமும் 17 முதல் 20 டிகிரி. வாயின் மறுபக்கம் பிசிறு எழுந்ததை விரலால் உணர்ந்த பிறகே பக்கம் மாற்றுங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கம் பத்து இழுப்பு. வெனேடியம் அதிகமுள்ள தூள் எஃகுக்குச் சாதாரணக் கல் வழுக்கிக்கொண்டே இருக்கும். டைமண்ட் தகடு வாங்குங்கள்.

பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போகலாமா?

1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசுகின்றன. வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கானவை நீங்கலாக. மூன்று அங்குல மடக்குக் கத்தி அதற்கு வெகு கீழே. ஆனாலும் தேர்தல் நேரத்தில் ஓசூர் எல்லையில் ஜூஜுவாடிச் சோதனையில் போலீஸ்காரர் ஸ்கேல் வைத்து அளக்க மாட்டார். எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்பார். நீதிமன்றம், மால், கோயில் சோதனை உள்ள இடங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடலாம். பொத்தானை அமுக்கினால் தானே துள்ளித் திறக்கும் வகையை வாங்காமல் இருப்பதே நிம்மதி.

கீழே விழுந்து முனை உடைந்துவிட்டது. அலகை மாற்ற வேண்டுமா?

2, 3 மிமீ போயிருந்தால் வேண்டாம். வாய்ப் பக்கம் தேய்த்துப் புது முனை எடுக்கப் பார்ப்பார்கள், அது தப்பு: மடக்கும்போது முனை பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கும். முதுகுப் பக்கமிருந்து வளைவாக இறக்கி, வாய்க் கோட்டைச் சந்திக்க வையுங்கள். பெல்ட்டில் ஒரு தொடு, தண்ணீரில் ஒரு முக்கு. முனையைக் கையுறை இல்லாத விரலால் பிடித்துத் தேயுங்கள். விரல் சுட்டால் எஃகுக்கும் சூடு என்று அப்போதே தெரியும். நீலம் ஓடிவிட்டால் அந்த நீலம் தீரும்வரை இன்னும் இறக்கியாக வேண்டும்.